வெள்ளவத்தையில் ஒரு மார்கழித் தடிமன்

கொழும்பில் குளிர்கிறது என்று யாராவது சொன்னால் என் மனைவிக்குச் சிரிப்பு வரும். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். தை மாத விடியலில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும் ஊர் அது. இன்னும் மேலே இருக்கும் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. தை, மாசி விடியல்களில் அங்கே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிவதைப் பார்ப்பதற்கென்றே பயணம் போகிறவர்கள் உண்டு. கொழும்பிலோ அதே மாதங்களின் விடியற்காலையில் வெப்பமானி 22 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும். ஓரிரண்டு பாகை கூடுதலாக இறங்கினால் ஊர் முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

ஆனால் எங்கள் வெள்ளவத்தை வீட்டில், அதே விடியலில், அம்மா இரண்டு போர்வைக்குள் சுருண்டுகொண்டு "தம்பி, கால் விறைக்கிறது" என்பார். அவர் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்காரர், வயது எண்பதைக் கடந்துவிட்டது. மனைவியின் சிரிப்பும் உண்மை, அம்மாவின் நடுக்கமும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவே பல மார்கழிகளைக் கடத்திய அனுபவத்தில்தான், கொழும்பு வீட்டில் முதியவரைக் குளிரிலிருந்தும் தடிமன் காய்ச்சலிலிருந்தும் காப்பது பற்றி எழுதுகிறேன்.

வயது ஏறும்போது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மெலிகிறது, உடம்பில் சூட்டை உண்டாக்கும் தசை குறைகிறது, குளிர்ந்தவுடன் சுருங்கிச் சூட்டைக் காக்கவேண்டிய இரத்தக் குழாய்கள் மெத்தனமாகின்றன. பகலில் 31 பாகையில் வியர்த்த உடம்பு விடியலில் 22 பாகையைச் சந்திக்கிறது. இளையவருக்கு அது சுகமான தூக்கம். முதியவருக்கு ஒன்பது பாகை இறக்கம். வெப்பமானியின் எண்ணை மட்டும் வைத்துக் குளிரை அளக்கக்கூடாது என்பதற்கு எங்கள் நாட்டிலேயே கொடிய சாட்சி உண்டு. 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நின்றபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் திறந்த வெளியில் செத்து விழுந்தன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உறைபனி விழவில்லை. இடைவிடாத மழை, குளிர்காற்று, ஒதுங்கக் கூரையில்லாத, வெயிலுக்கே பழகிய உடம்பு. அவ்வளவு போதுமாக இருந்தது. ஈரமும் காற்றும் சேர்ந்தால் வெப்ப நாட்டிலும் குளிர் கொல்லும்.

போர்வை வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய ஒன்றை எங்கள் குடும்ப வைத்தியர் சொல்லித்தான் அறிந்தோம். "எல்லாருக்கும் வேர்க்கும்போதும் இவருக்கு மட்டும் குளிர்கிறதா?" என்று கேட்டார். ஆம் என்றோம். இரத்தத்தில் ஹீமோகுளோபினையும் தைரொயிட் சுரப்பையும் பார்க்கச் சொன்னார். தைரொயிட் சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் நன்றாகக் குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்று தேடி, இரும்புச்சத்துக் குளிசையும் உணவும் சீரானபின் அம்மாவின் குளிர் முறைப்பாடு பாதியாகிவிட்டது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில குளிசைகளும், குறிப்பாக அட்டெனோலோல் போன்றவை, கைகால்களைச் சில்லிட வைக்கும். அதற்காகத் தாமாகவே நிறுத்திவிடக்கூடாது, வைத்தியரிடம் சொன்னால் மாற்றித் தருவார். வயதானால் குளிரத்தான் செய்யும் என்று விட்டுவிடும் வீடுகள் இந்த ஊரில் அதிகம்.

அடுத்தது உடுப்பு. லண்டனிலிருந்து யாரோ அன்பாகக் கொடுத்துவிட்ட தடித்த கம்பளிச் சுவெட்டர் ஒன்று எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அதைப் போட்டால் அம்மாவுக்குக் காலை எட்டு மணிக்கே வியர்த்துவிடும். வியர்வையில் நனைந்த உள்ளாடை காற்றுப் பட்டுக் குளிரும், பிறகு இன்னொரு நடுக்கம். கொழும்புக்குச் சரிப்படுவது மெல்லிய துணி இரண்டு மூன்று அடுக்கு. உள்ளே பருத்தி, மேலே கை நீண்ட மெல்லிய சட்டை, அதற்கு மேல் நான்காக மடித்த பழைய நூல் சேலை. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். அடுக்குகளுக்கு இடையில் தங்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்துவைக்கிறது, துணியின் கனம் அல்ல.

ஆனால் எல்லாவற்றிலும் முக்கியம் கால். இன்றைய தொடர்மாடி வீடுகளின் பளபளக்கும் டைல்ஸ் தரை விடியலில் வெறுங்காலிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும். காலுறை போட்டால் தீர்ந்தது என்று நினைக்கலாம். ஆனால் அந்தத் தரையில் சாதாரணக் காலுறையோடு நடக்கும் முதியவர் வழுக்கி விழுந்தால், தடிமனுக்குப் பயந்து இடுப்பெலும்பை முறித்த கதையாகிவிடும். அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த காலுறை புறக்கோட்டை நடைபாதையிலேயே கிடைக்கிறது. கட்டிலருகே ஒரு சணல் விரிப்பும் போட்டோம், ஓரம் மடங்காதபடி கட்டிலின் காலுக்கு அடியில் செருகி.

சுடுதண்ணீர்ப் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொதிதண்ணீரை ஊற்றக்கூடாது, கை தாங்கும் சூடு போதும். துவாயில் சுற்றிக் கால்மாட்டில் சிறிது நேரம் வைத்து, படுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுகூட வேண்டாம். பாத உணர்வு மங்கியவருக்குச் சூடு தெரியாது. காலையில் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும். நீரிழிவு இல்லாத வீட்டைக் கொழும்பில் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மார்கழியில் திருவெம்பாவை. பத்து நாட்களும் இருள் விடியுமுன் கோயிலில் நிற்கவேண்டும் என்பது அம்மாவின் வைராக்கியம். அதற்காக நாலு மணிக்கே தலையில் பச்சைத் தண்ணீர் வார்த்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு முச்சக்கர வண்டியில் ஏறுவார். ஓடும் வண்டிக்குள் அடிக்கும் காற்று ஈரத் தலையில் படுவதைப்போல் வேறெதுவும் குளிராது. தலை நனைந்தால் சளி பிடிக்கும் என்பது சரியில்லை, கிருமி இல்லாமல் தடிமன் வராது. ஆனாலும் முதியவரின் உடம்புச் சூடு அதில் இறங்குகிறது, தொய்வு (ஆஸ்துமா) உள்ளவருக்குக் குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. தலைமுழுக்கு முந்தின நாள் முற்பகலில், வெயில் ஏறியபின். விடியலில் மேல் கழுவல் மட்டும், அதுவும் இளஞ்சூட்டில். வண்டியில் காதை மூடிச் சால்வை. மனைவிதான் இதைச் சாதித்தார். மகன் சொன்னால் எடுபடாதது மருமகள் சொன்னால் எடுபடும் அபூர்வ வீடு எங்களுடையது.

உண்மையான சண்டை யன்னலில்தான்.

அம்மாவின் அகராதியில் குளிருக்கு மருந்து, வீட்டைப் பூட்டுவது. மாலை ஆறு மணிக்கு யன்னல்கள் அடைபடும். நுளம்புக்குச் சுருள் எரியும், விளக்கு வைத்துச் சாம்பிராணி போடுவார், பிறகு அந்தப் புகைக்குள்ளேயே எல்லாரும் படுப்போம். மூடிய அறையில் எரியும் ஒரு நுளம்புச் சுருள் வெளியிடும் நுண்துகள் பல சிகரெட்டுகளின் புகைக்குச் சமம். விடியலில் அம்மா இருமுவார். "பார்த்தாயா, பனி" என்பார்.

"மாமி, போர்வையால் உங்களை மூடுங்கள், வீட்டை மூடாதீர்கள்" என்றார் மனைவி. இந்த வீட்டில் இதுவரை பேசப்பட்ட வைத்திய ஆலோசனைகளில் சிறந்தது அதுதான் என்பேன். தடிமனும் இன்புளுவென்சாவும் இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளாலும், அவை பட்ட கைகளாலும் பரவுகின்றன. அறை மூடியிருந்தால் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார். குளிர் நாடுகளில் குளிர்காலம் நோய்க்காலம் ஆவதற்கு வைரசுக்குக் குளிர்ந்த வறண்ட காற்றுப் பிடிப்பது ஒரு காரணம். எல்லாரும் கதவடைத்து உள்ளே நெருங்கிக் கிடப்பது இன்னொரு காரணம். நமக்கு முதற்காரணம் கொஞ்சமும் இல்லை. இரண்டாவதை நாமே வலிந்து செய்துகொள்கிறோம்.

எங்கள் ஏற்பாடு இப்போது இப்படி: அம்மாவின் கட்டில் யன்னலுக்கு நேரே இல்லாமல் பக்கச் சுவரோரம் நகர்ந்தது. யன்னலின் மேற்பாதி திறந்திருக்கும், வலை அடித்திருக்கிறோம். கட்டிலுக்கு நுளம்பு வலை. சுருளுக்கு விடை கொடுத்தாயிற்று. மின்விசிறியை நிறுத்தாமல் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டோம், காற்று அறைக்குள் சுழலும், ஆளின் மேல் அடிக்காது. சாம்பிராணி மட்டும் வெள்ளிக்கிழமைகளில் நீடிக்கிறது, பல்கனிக் கதவு திறந்த நிலையில். எல்லாவற்றையும் வென்றுவிட முடியுமா?

யன்னலை மூடவேண்டிய நாட்களும் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தியத் துணைக்கண்டத்தின் தூசும் புகையும் சேர்ந்து இங்கே வருகின்றன. மாடுகள் இறந்த அதே நாட்களில் காற்று அவ்வளவு கெட்டுப்போய் 2022 டிசம்பர் 9 அன்று பாடசாலைகளை மூடினார்கள். காலி வீதிக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிறதா என்றே தெரியாதபடி சாம்பல் மூட்டம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் காற்றின் தரத்தை அளந்து அறிவிக்கிறது. மோசம் என்று வரும் நாட்களில் காலை நடையைத் தவிர்த்து, யன்னலைச் சாத்தி, வெளியே போனால் முகக்கவசம் அணிகிறோம். டிசம்பர் 31 நள்ளிரவுப் பட்டாசுக்கும் இதே விதி. தொய்வுக்காரருக்கு அந்த ஒரு மணி நேரம் ஆண்டிலேயே மோசமானது. உறிஞ்சும் மருந்து கையெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். "அது பழகினால் விடாது" என்று இன்ஹேலரை அலுமாரிக்குள் ஒளித்துவைக்கும் முதியவர்களை எனக்குத் தெரியும். மருந்து குளிசையாக வயிற்றுக்குள் போய் உடம்பெல்லாம் சுற்றுவதைவிட, நேரே மூச்சுக்குழாய்க்கே கொஞ்சமாகப் போவது நல்லது என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மாவை இணங்கவைத்தோம். மருந்தை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் கூடிவராவிட்டால் இடையில் ஸ்பேசர் குழாய் பொருத்திக் கொடுக்கலாம்.

டிசம்பரில் கொழும்புத் தமிழர் வீடுகளுக்கு வரும் இன்னொரு பருவக்காற்று வெளிநாட்டு உறவு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் அது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் காலம். அங்கே விமானம் ஏறும்போது தொண்டை கரகரக்கும், இங்கே இறங்கும்போது மூக்கு ஒழுகும், வெள்ளவத்தைக்கு வந்தவுடன் அம்மம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவார்கள். இன்புளுவென்சா அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்னரே தொற்றத் தொடங்கும், பிறகு ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை தொற்றும். ஓராண்டு என் தங்கை குடும்பம் கனடாவிலிருந்து வந்தபோது வீடே வரிசையாகப் படுத்தது. வந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டின் நடுப்பகுதியிலும் ஆண்டிறுதியிலும் தானாகவே தலைதூக்குவது வழக்கம். அவர்கள் கொண்டுவராவிட்டாலும் 100ஆம் இலக்க பஸ் கொண்டுவந்திருக்கும்.

படுத்தவர்களில் அம்மாவின் நோய்தான் எங்களுக்குப் பாடம். எங்களுக்கெல்லாம் காய்ச்சல் 102, 103 என்று ஏறியது, உடம்பு முறிந்தது. அம்மாவுக்குக் காய்ச்சலே இல்லை. சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். இருமல்கூட அதிகமில்லை. மறுநாள் குளியலறை வாசலில் தடுமாறினார். மாலையில் என்னைப் பார்த்து, காலமான என் சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவி 90ஐக் காட்டியது. வைத்தியசாலையில் படம் எடுத்தபோது நெஞ்சில் நிமோனியா. ஒட்சிசனும் மருந்தும் கொடுத்துத் தேற்றி அனுப்பினார்கள். அன்று அந்த வைத்தியர் சொன்னதை யாரைக் கண்டாலும் சொல்கிறேன்: முதியவருக்குக் காய்ச்சல் ஏறாமலே கடும் தொற்று வரலாம். திடீர்த் தடுமாற்றம், குழப்பம், விழுதல், உண்ண மறுத்தல், வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவைதான் அவர்களுடைய காய்ச்சல். ஒட்சிசன் 94க்குக் கீழே இறங்கினால் வைத்தியரிடம், 92க்குக் கீழே என்றால் உடனே வைத்தியசாலைக்கு. நாட்பட்ட நுரையீரல் நோயாளருக்கு அளவுகோல் வேறு, அதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாகித் தேறிய பிறகு காய்ச்சல் திரும்பி வந்தாலும் காத்திருக்கக்கூடாது, வைரசுக்குப் பின்னால் பக்டீரியா நுழைந்திருக்கலாம். இன்புளுவென்சாவுக்கு என்று உள்ள வைரசு எதிர்ப்பு மருந்தும் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். முதியவர், கர்ப்பிணி, நீரிழிவு அல்லது இதயநோய் உள்ளவர் என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளக்கூடாது.

அதன்பின் ஆண்டுதோறும் அம்மாவுக்கு இன்புளுவென்சாத் தடுப்பூசி போடுகிறோம். வைரசு ஆண்டுக்கு ஆண்டு உருமாறுவதால் பழைய ஊசி போதாது. போட்டுப் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும் என்பதால், விருந்தினர் விமானம் ஏறிய பிறகு ஓடிப்போய்ப் போடுவதில் பயன் குறைவு. கார்த்திகை விளக்கீட்டோடு முடித்துவிடுவது எங்கள் கணக்கு. வருகிறவர்களுக்கும் தங்கை மூலம் சொல்லியாயிற்று: இருமல் இருந்தால் முதல் சில நாட்கள் அம்மம்மாவோடு பேச்சு பல்கனியில், முகக்கவசத்தோடு. முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.

இனி, கொழும்பில் காய்ச்சல் என்றால் தடிமனுக்கு முன்னால் நினைக்கவேண்டியது டெங்கு. மாரி மழை விட்டுவிட்டுப் பெய்து ஆங்காங்கே தண்ணீர் தேங்கும் அதே மாதங்களில் இரண்டும் கலந்து திரிகின்றன. முதல் இரண்டு நாட்கள் அநேகமாகப் பிரித்தறிய முடியாது. மூக்கு ஒழுகி, தும்மி, தொண்டை நொந்தால் தடிமன் பக்கம் சாயலாம். மூக்கு வறண்டு, கண்ணுக்குப் பின்னால் வலித்து, உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருந்தால் சந்தேகப்படவேண்டும். ஆனால் ஊகம் போதாது. மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். எங்கள் மேல்மாடிப் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது எல்லாரும் கனடாக்காரரிடம் தொற்றியது என்றே பேசிக்கொண்டார்கள். பரிசோதனையில் குருதிச் சிறுதட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நேரத்தோடு அனுமதித்ததால் பையன் தப்பினான்.

அதனால் இந்த ஊரில் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறெதுவும் தாமாகக் குடிக்கக்கூடாது. உடம்பு வலிக்கிறது என்று பாமசியில் கேட்டு வாங்கும் இபுபுரூஃபன், டைக்குளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம், அஸ்பிரின் எல்லாம் டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் பனடோல் ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டாமல். அம்மாவைப்போல் மெலிந்தவருக்கு இதைவிடக் குறைவு, வைத்தியர் சொன்ன அளவு. தடிமனுக்கு என்று விற்கும் கலப்புக் குளிசைகள் பலவற்றில் பரசிற்றமோல் ஏற்கெனவே இருக்கிறது. பெட்டியைப் படிக்காமல் இரண்டையும் போட்டால் ஈரல் தாங்காது. டெங்குவில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. காய்ச்சல் விட்டவுடன் நிம்மதி வரும், ஆனால் ஆபத்தான கட்டம் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல் இறங்கியும் வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, ஆள் சோர்ந்து கிடக்கிறார், கைகால் சில்லிடுகிறது என்றால் வண்டி பிடிக்கவேண்டும். அந்தச் சில்லிடலுக்குப் போர்வை மருந்தல்ல. குடிக்கக் கஞ்சி, ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல், இளநீர் கொடுக்கலாம். சிவப்பும் கபிலமுமான பானங்களைத் தவிர்க்கச் சொல்வார்கள். வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று குழப்பம் வராதிருக்கத்தான்.

காய்ச்சல் ஏறும்போது வரும் நடுக்கத்துக்கு ஒரு மெல்லிய போர்வை தவறில்லை. நடுக்கம் நின்று உடம்பு கொதிக்கத் தொடங்கியதும் அதை எடுத்துவிடவேண்டும். குழந்தையை மூன்று கம்பளியில் சுற்றி "வியர்க்கட்டும், இறங்கும்" என்று காத்திருப்பது நம்மவர் பழக்கம். சூடு வெளியேற வழியில்லாமல் அது மேலும் ஏறும்.

அம்மாவின் கைமருந்துக்கு வருகிறேன். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொஞ்சம் பனங்கட்டியோடு குடிப்பதை நான் எதிர்த்ததே இல்லை. வைரசைக் கொல்லாது, ஆனால் சூடாக உள்ளே போகும் நீர் சளியை இளக்குகிறது, தொண்டை இதமாகிறது, தண்ணீரே குடிக்காத முதியவர் இதன் சாட்டில் அரை லீற்றர் குடிக்கிறார். சிங்கள அயலவர் ஐந்து சரக்குச் சேர்த்து அவிக்கும் பஸ்பங்குவவும் இதே குடும்பம், அதிலும் மல்லியும் வேர்க்கொம்புமே முன்னிற்கும். பொதியில் வரும் சமஹன் கைக்கு எளிது. ஆனால் அதில் சீனி சேர்ந்திருக்கிறது, நீரிழிவுக்காரர் நாளுக்கு நாலு குடித்துவிட்டு "மூலிகைதானே" என்று சொல்வது சரியல்ல. மிளகு ரசம், நண்டுக்கால் போட்ட ரசம் இவற்றின் புகழை நான் பாடத் தேவையில்லை. இரவு இருமலுக்கு ஒரு தேக்கரண்டி தேன் பல சிரப்புகளைவிட நல்லது, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் கொடுக்கவே கூடாது.

வேது பிடிப்பதில் எனக்குச் சற்றுப் பயம். நொச்சி இலை போட்டுக் கொதிக்கும் பானையை மடிக்கு நேரே வைத்து, தலையில் போர்வையைக் கவிழ்த்து, கை நடுங்கும் முதியவரை உட்காரவைப்பது வெந்து புண்ணாவதற்கான ஏற்பாடு. மூக்கடைப்பு இளகுவது உண்மை என்பதால் தடுப்பதில்லை, கொதி அடங்கிய தண்ணீரை அகன்ற சட்டியில், அசையாத மேசையில் வைத்து, பக்கத்தில் ஒருவர் நிற்கிறோம். சிறு பிள்ளைகளுக்கு வேதும் வேண்டாம், கற்பூரத் தைலத்தை மூக்கடியில் பூசுவதும் வேண்டாம். மூக்கு ஒழுகலுக்கென்று பாமசியில் கேட்காமலே தரும் பிரிட்டோன் என்ற ஒவ்வாமைக் குளிசையும் முதியவருக்கு ஆகாது. மயக்கம், குழப்பம், சிறுநீர் அடைப்பு, இரவில் எழும்பி விழுதல் எல்லாம் அதன் வரவு. தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் கேட்டு நிற்பதைப் பற்றி எழுதினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

மெய்யான குளிருக்கு ஆண்டுக்கொரு முறை மனைவியின் ஊருக்குப் போகிறோம். அங்கே கொழும்புக்காரர் உணரவேண்டியது, எதிரி குளிரைவிட ஈரம் என்பதே. பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும், கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். அதனால் கம்பளிக் காலுறை, மாற்றுக்கு இன்னொரு சோடி, தண்ணீர் புகாத ஒரு மேலங்கி. நுவரெலியாக் கடைத்தெருவில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளின் மிச்சச் சரக்காக வரும் நல்ல ஜாக்கெட்டுகள் கிடைக்கின்றன, கொழும்பில் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. படுக்கப்போகும் முன் காலுறையை மாற்றுங்கள், பகலில் போட்டது உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் ஈரம் இருக்கும். ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கரிச்சட்டியை மூட்டி அறைக்குள் வைத்துக் கதவடைத்துப் படுக்காதீர்கள். எரியும் கரி கார்பன் மொனொக்சைட்டைக் கக்கும். மணமில்லை, நிறமில்லை, தலைவலிக்கிறது என்று நினைப்பதற்குள் நினைவு போய்விடும். தோட்டத்து லயங்களில் அடுப்படிக் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து கதைப்பார்கள். படுக்கப்போகும்போது நெருப்பை அவித்துவிட்டுத்தான் போவார்கள்.

ஆனால் ஒரு கொழும்புத் தமிழர் வாழ்நாளில் அனுபவிக்கும் கடும் குளிர் நுவரெலியாவில் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து மாலையில் புறப்பட்டு விடியலில் யாழ்ப்பாணம் சேரும் குளிரூட்டிய இரவு பஸ்ஸில் இருக்கிறது. நானூறு கிலோமீற்றர் வரை மூடிய கண்ணாடிக்குள், நாற்பது பேரின் மூச்சோடு, தலைக்கு நேரே அடிக்கும் குளிர்காற்றில். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் தடிமனோடு திரும்பாத குடும்பம் எங்கள் கட்டடத்தில் இல்லை. அம்மாவோடு போகும்போது எங்கள் பையில் இருப்பவை: சொந்தப் போர்வை (பஸ்ஸில் தருவது கடைசியாக எப்போது தோய்த்ததோ), காதை மூடும் தொப்பி, காலுறை, முகக்கவசம், இன்ஹேலர், சுடுதண்ணீர்ப் போத்தல். முகக்கவசம் கிருமிக்கு மட்டுமல்ல, இழுக்கும் காற்றைச் சற்று வெதுவெதுப்பாக்கவும் உதவும். ஏறியவுடன் தலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தைத் திருகி மூடிவிடவேண்டும், உடைந்து மூடாவிட்டால் ஒரு கைக்குட்டையைச் செருகலாம். ஆசனத்துக்குப் பணம் கட்டும்போதே கடைசி வரிசை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நான் போன பஸ்களில் அங்கேதான் மிகக் கடுமையாகக் குளிர்ந்தது. தண்ணீர் குடித்தால் இடையில் இறங்கவேண்டி வரும் என்று முதியவர்கள் பட்டினி கிடப்பார்கள், வறண்ட தொண்டையோடு இருமிக்கொண்டு. வழியில் நிறுத்தும் கடையில் இறக்கி, ஒரு தேநீர் கொடுத்து, கையையும் காலையும் நாலு தரம் அசைக்கவையுங்கள்.

குளிரைக் குறைக்கச் சொல்லி நடத்துநரிடம் கேட்டும் பார்க்கலாம். நான் கேட்ட இரவில் அவர் என் அம்மாவைப் பார்த்தார், தன் கழுத்தில் சுற்றியிருந்த துவாயை இன்னும் இறுக்கிக்கொண்டார். "அண்ணை, குறைத்தால் சாரதிக்கு நித்திரை வந்துவிடும்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.